வாசற்படிக்கு உள்ளே

"தன் வீட்டைக் காப்பது ஓர் ஆணின் கடமை. அந்த நேரத்தில் அவனைச் சட்டமும் தொடாது, சாமியும் தொடாது."

வெர்லன் ஸ்டைல்ஸ் இதை நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். சட்டைக் கையில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

ஷெரிஃப் ஆபீஸிலிருந்து வந்திருந்த டார்லா குறிப்பேட்டில் எதையும் எழுதவில்லை. கம்பளத்தில் மல்லாந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுடப்பட்டது ஒரு சோளக்கொல்லைப் பொம்மை.

சர்ச்சின் அறுவடை விழாவுக்காக அவர் மனைவி நடீன் செய்தது. புருஷன் டிவி முன்னால் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, அதை முன்வாசலில், தெருவைப் பார்த்தபடி நிறுத்திவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள்.

வெர்லனிடம் ஒன்பது துப்பாக்கிகள் இருந்தன. இருபது வருடத்தில் ஒரு திருடன்கூட எட்டிப் பார்க்கவில்லை. கார் கொட்டகையைத் திறந்தே போட்டுப் பார்த்தார். பூனை வந்தது.

பக்கத்து வீட்டு ராய்ஸ் டாக்கெட்டிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் மாமனார் கொடுத்தது.

போன மார்ச்சில் அவன் சமையலறை ஜன்னல் வழியாக ஒருவன் இறங்கினான். டாக்கெட் தொடையில் சுட்டான். அரசு வக்கீல் வழக்கே போடவில்லை. சர்ச்சில் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவன் பந்துருட்டி ஆடும் பௌலிங் குழு அவனுக்குப் புது ஜாக்கெட் போர்த்தியது. கறிக்கடையில் அவன் பெயரில் ஒரு சாண்ட்விச் வந்தது.

வெர்லன் அதை ஒருமுறை வாங்கித் தின்றார். ருசியாக இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"வாசல்லேருந்து இங்க வரைக்கும் வைக்கோலு. வாசல்ல விழுந்தது எப்படி மிஸ்டர் வெர்லன் கம்பளத்துக்கு வந்துச்சு?" என்றாள் டார்லா.

துப்பாக்கிக் கடை பெஞ்சில் உட்கார்ந்த எல்லோருக்கும் அதற்குப் பதில் தெரியும். வெளியே விழுந்தால் கேஸ், உள்ளே விழுந்தால் தற்காப்பு. ஆகவே இழுத்துப் போடு. வெர்லனும் இழுத்துப் போட்டார். பாதி வழியில் எடை தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் முழுதாக இழுத்துப் போட்டார்.

"உள்ளதான் வந்தான்... வந்துச்சு" என்றார்.

"பாருங்க, யாரோ என்னவோன்னு பயந்து சுட்டேன்னு சொன்னா நான் சிரிச்சிட்டுப் போயிடுவேன். ஆள் யாருன்னு தெரிஞ்சே சுட்டதுன்னா கேஸு. அப்புறம் அந்த ஒன்பதையும் மறந்துடுங்க."

"சத்தியமா யாருன்னே தெரியாதும்மா. எனக்கு நேரா வந்தான். மூஞ்சி மூஞ்சியாப் பாத்தேன். வேணும்னா நெஞ்சைப் பாரு, மூணு ஓட்டை!"

வலைக்கதவுக்கு வெளியே டாக்கெட் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். சத்தம் கேட்டுப் போலீஸுக்குப் போன் செய்ததும் அவன்தான்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே வெர்லன்? ராத்திரிக்கு வேணா நான் வந்து துணைக்குப் படுத்துக்கவா?"

வெர்லனின் காது சிவந்தது.

கடையிலிருந்து திரும்பிய நடீன் பையைக்கூடக் கீழே வைக்காமல் கத்தினாள். "அய்யோ, பொம்மைக்குப் போட்ட ஜாக்கெட்டைப் பாழாக்கிட்டியே மனுஷா! உன் அலமாரியிலேருந்து ஒரு கிழிசலாவது குடுத்தியா? இது நான் கேட்டு வாங்கிட்டு வந்தது."

"பரவால்லம்மா, பழசுதானே" என்றான் டாக்கெட் வெளியிலிருந்து. "எனக்குத்தான் புதுசு குடுத்துட்டாங்களே."

டார்லா குனிந்து பொம்மையைக் குப்புறப் புரட்டினாள்.

முதுகில், சாண் உயர மஞ்சள் எழுத்தில், டாக்கெட் என்று தைத்திருந்தது. மூன்று குண்டும் அந்தப் பெயர் வழியாகத்தான் நுழைந்திருந்தன.