முட்டை போடாத கேக்

ஃபிரிட்ஜ் கதவில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு முட்டை. வீட்டுக்காரர் வரதப்பன் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததிலிருந்து அதற்கு நிம்மதியே இல்லை. "எல்லாம் இந்த முட்டையால வந்தது. இனிமே தொடமாட்டேன்" என்று அவர் சொன்னதை அது காதாரக் கேட்டிருந்தது.

"ஒரு மனுசனைக் கொல்லப் பார்த்திருக்கேனே" என்று பக்கத்துத் தட்டிலிருந்த வெண்ணெயிடம் புலம்பியது.

"விடு, உன் பிறவி அப்படி" என்று வெண்ணெய் பெரிய மனசோடு தேற்றியது.

அவர் பிறந்தநாளன்று மனைவி சொர்ணம் வந்து வெண்ணெயை முழுசாக எடுத்தாள். "கவலைப்படாதே, அவரை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனது வெண்ணெய்.

"பயப்படாம சாப்பிடுங்க. கேக்குல முட்டையே போடலை. அதுக்குப் பதிலா வெண்ணெயைத் தாராளமாப் போட்டிருக்கேன்" என்ற சொர்ணத்தின் குரல் கேட்டது.

"அப்படின்னா இன்னொரு துண்டு வை. அந்தப் பெரிய துண்டு."

சாயங்காலம் வரதப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் எடுக்க ஓடிவந்த சொர்ணத்தின் கண்ணில் முட்டை பட்டது.

"இந்தச் சனியன் இன்னும் வீட்டுக்குள்ளதான் இருக்கா! அதான்!"

குப்பைக்கூடைக்குப் போகிற வழியில் முட்டை வெண்ணெய் இருந்த காலித் தட்டைப் பார்த்தது. நல்லவேளை, பாவம் அந்த வெண்ணெய் மேல் பழி விழவில்லை என்று மனசார நினைத்துக்கொண்டது.