இன்னும் ரெண்டு முழம்

"ப்ளேன் நமக்காக நிக்காதும்மா, கிளம்புங்க!" தர்மராஜ் கெஞ்சினான்.

மகனைப் பார்க்கக் கப்பலில் சிங்கப்பூர் வந்திருந்த பவுனம்மாள் அவசரப்படவில்லை. பட்டுப்புடவை கட்டி, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்ட பிறகுதான் வாசலுக்கே வந்தாள்.

"அப்பாவுக்குக் காய்ச்சல்னு சொன்னேனே!"

"காய்ச்சல்தானேப்பா."

அத்தனை நீண்ட பயணத்தில் இருவருமே சாப்பாட்டைத் தொடவில்லை. சென்னையில் விமானம் மாறித் திருச்சியில் இறங்கியதும், தர்மராஜ் டாக்சி பிடித்துத் துறையூருக்கு விரட்டச் சொன்னான்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு அருகே, "நிறுத்துங்க, பூ வாங்கணும்" என்றாள் பவுனம்மாள்.

வாங்கிய பூ தலைகொள்ளாமல் தொங்கியது. அப்படியும் பூக்காரியிடம், "இன்னும் ரெண்டு முழம் குடு" என்றாள்.

தர்மராஜுக்குப் பொறுக்கவில்லை. "அங்க ஊரே நமக்காகக் காத்துக்கிட்டிருக்கும்மா!" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"தெரியும்ப்பா. கப்பல்ல வந்தவளுக்கு நீ ப்ளேன் டிக்கெட் எடுத்தப்பவே, உங்கப்பா போயிட்டாருன்னு தெரிஞ்சுபோச்சு. ஊருக்குப் போனா பூவு, பொட்டு, வளையல் எல்லாத்தையும் எடுத்துடுவாங்க. அதுவரைக்குமாவது வச்சுக்கறேனே."

தர்மராஜ் அந்த இரண்டு முழத்தையும் வாங்கி அம்மாவின் தலையில் வைத்தான்.

"டிரைவர்," என்றான், "மெதுவாவே போங்க."