தராசு சொன்ன நல்ல சேதி

வறண்ட மேய்ச்சல் காடு ஒன்றில் புல்வளத்தை அளக்க ஒரு தராசு வந்திறங்கியது. அளக்க வந்தவர்கள் ஒரு மரச்சட்டத்தை அங்கங்கே வீசி, அது விழுந்த இடத்துச் செடிகளையெல்லாம் அறுத்து, காயவைத்து, தராசின் தட்டில் குவித்தார்கள். முள் எகிறியதும் தராசுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"போன வருஷத்தைவிட ரெண்டு மடங்கு! காடு செழிச்சுக் கிடக்கு. இன்னும் நூறு ஆட்டை ஓட்டிட்டு வரலாம்!" என்று கூவியது.

விலா எலும்பு தெரிய ஒரு செம்மறியாடு பக்கத்தில் நின்றது.

"நீ ஏன்ப்பா இப்படி இளைச்சுக் கிடக்கிறே? கூச்சப்படாம ஒரு வாய் எடு," என்று தராசு தட்டைக் காட்டியது.

ஆடு முகர்ந்து பார்த்துத் தும்மியது.

"வேண்டாம் அண்ணே. இது நாங்க வாய் வைக்காத கசப்புச் செடி. அதனாலதான் இம்புட்டு வளர்ந்திருக்கு."

"எடை சரியாத்தானே இருக்கு?"

"எடை சரிதான். வரப்போற நூறு பேரையும் சாப்பிட்டுட்டு வரச் சொல்லுங்க."