இடக்காது

மருத்துவச்சி ஆண்டாயியின் கை அடிவயிற்றில் இறங்கியபோதும் புஷ்பவல்லி கண்ணை மூடவில்லை. மூடினால் வீடு சுற்றும்.

கயிற்றுக் கட்டிலின் சட்டத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, கூரை மூங்கில் ஒன்றையே பார்த்தபடி கிடந்தாள்.

மாமியார் கலியம்மாள் வாசற்படியிலேயே நின்றாள். நாலு நாளாக மருமகள் இருக்கிற பக்கம் அவள் வருவதில்லை.

புருஷன் பெரியசாமி பட்டாளத்தோடு பர்மாப் பக்கம் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அப்படிப்பட்டவளுக்குத் தலை சுற்றலாமா? வாந்தி வரலாமா? அதுவும் செவ்வாய்க்கிழமை காலையில், ஊர்க் கிணற்றடியில், பத்துப் பொம்பளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது?

குடத்தை இடுப்பில் வைத்தவள் அப்படியே சாய்ந்தாள். தரை புரண்டது. குடலே வெளியில் வந்துவிடும்போல் வாந்தி. தூக்கிவிட ஒரு கை நீளவில்லை. எல்லாருடைய கையும் விரல் மடக்கி மாதக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.

போதாக்குறைக்கு இரண்டு மாதமாய்த் தூரமும் வரவில்லை. சண்டைக் காலம், சோளம் கிடைத்த அன்றைக்கு ஒருவேளைக் கூழ். வருவதற்கு உடம்பில் ரத்தம் எங்கே இருக்கிறது? இதை யாரிடம் போய்ச் சொல்வது! சொன்னால்தான் எந்த மகராசி நம்புவாள்!

அன்றிலிருந்து அவளோடு ஒருவரும் பேசவில்லை. பேச்சுத் துணைக்கு அந்த இரைச்சல் ஒன்றுதான். சோளக்கொல்லையில் காற்றடிக்கிற மாதிரி, இடக்காதுக்குள்ளே, ராப்பகலாக.

வியாழக்கிழமை கலியம்மாள் யாரிடமும் சொல்லாமல் பெரம்பலூருக்கு நடந்தாள். வெயில் தாழத் திரும்பி வந்தவள், வீட்டுக்குள் நுழையாமல் கொல்லைக்குப் போய், கட்டின சேலையோடு தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். பாவம், அத்தனை தூரம் புழுதியில் நடந்த உடம்பு என்று புஷ்பவல்லி உலர்ந்த சேலையை எடுத்துக்கொண்டு ஓடினாள். கலியம்மாள் அதை வாங்கவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே போனாள்.

நாளைக்குச் செட்டிகுளத்திலிருந்து அப்பன் வண்டி கட்டிக்கொண்டு வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. போனால் அதோடு சரி. இந்த வாசலிலும் கால் வைக்க முடியாது, பெரியசாமி முகத்திலும் விழிக்க முடியாது. அதற்கு முன்னால் ஒரே ஒருதரம் மருத்துவச்சியை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்று மாமியார் காலில் விழுந்து கதறினாள். அதன்பேரில்தான் இன்றைக்கு ஆண்டாயி வந்திருக்கிறாள்.

ஆண்டாயி வயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, கட்டிலின் இடப்பக்கம் உட்கார்ந்து தணிந்த குரலில் ஏதோ கேட்டாள். புஷ்பவல்லி மூங்கிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயத் தொறக்குறாளா பாரு!" என்றாள் கலியம்மாள்.

ஆண்டாயி எழுந்து வலப்பக்கம் வந்து உட்கார்ந்து, அதே குரலில், "எத்தினி நாளாத் தலை சுத்துது தாயி?" என்றாள்.

"தை மாசத்துலேருந்து," என்றாள் புஷ்பவல்லி உடனே.

ஆண்டாயி தன் கை வளையலை அவள் இடக்காதோரம் கொண்டுபோய்க் குலுக்கினாள். அசைவில்லை. வலக்காதோரம் குலுக்கினாள். கண் திரும்பியது.

"ஆத்தா, இது வெறும் வயிறுங்க. கோளாறு காதுல. அது கெளம்புனா தலை சுத்தும், வாந்தி வரும், போகப்போக காதும் அடைச்சுப்போவும். எங்கப்பனுக்கு இருந்துச்சுங்க. கள்ள மோந்துகூடப் பாக்காத மனுசன். குடிகாரன்னு சொல்லித்தான் ஊரு அவரத் தூக்கிப் போட்டுச்சு."

புஷ்பவல்லிக்கு நாலு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. காது போனால் போகட்டும், பெயர் தப்பித்தது. நாளைக்கு அப்பன் வெறும் வண்டியோடு திரும்பிப் போகலாம். கடுதாசிக்குக் கடுதாசி புஷ்பம் சௌக்கியமா என்று கேட்கிற அந்தப் பட்டாளத்து மனுஷனுக்கு இது எதுவும் தெரியவே வேண்டாம்.

கலியம்மாள் படியை விட்டு உள்ளே வந்தாள். வந்து வலப்பக்கத்தில் தரையோடு உட்கார்ந்து, மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனுக்குக் காயிதம் போட்டுட்டேன்டி. வியாழக்கிழமயே. பெரம்பலூரு போஸ்டாபீசு வாசல்ல எழுதுறவருகிட்ட... அந்த அசிங்கத்த ஒரு வேத்து ஆம்பிளகிட்ட எப்பிடிடி வாயால சொல்லுவேன்? நீ வாந்திபேதியில போயிட்டேன்னு எழுதச் சொல்லிட்டேன்."

இது மட்டும் ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

இன்றைக்கு இனிமேல் நடந்துபோனால் போஸ்டாபீசு மூடியிருக்கும்; நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. இனி திங்கட்கிழமைதான் மறு கடுதாசி போடலாம். முதல் கடுதாசி நாலு நாள் முன்னாலேயே போய்க்கொண்டிருக்கும். சண்டையில் நிற்கிறவனுக்கு நாலு நாள் என்ன, நாலு நாழிகையே எப்படிப் போகுமோ!

கலியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆண்டாயி ஏதோ சமாதானம் சொன்னாள். புஷ்பவல்லி மெல்லத் தலையைத் திருப்பி, கேட்கிற காதைத் தலையணையில் வைத்து அழுத்திக்கொண்டாள். இரைச்சல் மட்டும் மிச்சமாயிற்று.

வியாழக்கிழமை மாமியார் தலை முழுகியது புழுதிக்காக இல்லை. சாவு காரியம் முடித்து வந்தவளுக்கு உலர்ந்த சேலையை எடுத்துக்கொண்டு ஓடினவள், செத்தவளேதான்.