பேர்ந்த பட்டை

"மாமா, உங்க பட்டை மறுபடியும் பேந்துடுச்சு" என்றான் மருமகன் போனில்.

இது மூன்றாவது தடவை.

பசை மாஸ்டருக்குச் சுருக்கென்றது. மரத்தூளைப் பசையில் குழைத்து, அழுத்திப் பலகையாக்கும் கம்பெனியில் பசைப் பிரிவே அவர் பொறுப்பு. "மாஸ்டருக்குக் கை கொடுக்காதே, அப்புறம் மணிக்கட்டோட விட்டுட்டுத்தான் போகணும்" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். அப்பேர்ப்பட்டவர் தன் கையாலேயே மகளுக்குச் சமையலறை அலமாரி செய்து கொடுத்தார். எல்லாக் கதவும் கிண்ணென்று இருக்க, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கிற ஒரே ஒரு கதவின் விளிம்பை மூடுகிற ஓரப்பட்டை மட்டும் ஒட்ட ஒட்டப் பேர்ந்து வந்தது.

மருமகன் கெட்டவன் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதவைத் திறந்து காட்டி, "ஊருக்கெல்லாம் பசை போடறவர், எங்களுக்கு மட்டும் எச்சில் தொட்டு ஒட்டிட்டார்" என்று சிரிக்கிறானாம். அதை அவரிடமே சொல்லியும் சிரித்தான். இந்தத் தடவையும் நிற்காவிட்டால் அலமாரியையே கழற்றிவிட்டுக் கடையில் வாங்கி மாட்டிக்கொள்வதாகச் சொல்லிப் போனை வைத்தான்.

கோளாறு பசையிலா, பலகையிலா, தன் கையிலா? இன்றைக்குப் பார்த்தே விடுவது என்று மாஸ்டர் எழுந்தார்.

அதே பசை, அதே பட்டை, அதே பலகையில் ஒரு துண்டு. ஒட்டிக் காயவிட்டார். தண்ணீரில் ஊறப்போட்டார். வெயிலில் வறுத்தார். கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலே ஆவியில் பிடித்தார். பட்டை அசையவில்லை. கடைசியில் பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு, குறடால் பட்டையைக் கவ்வி, பல்லைக் கடித்து இழுத்தார். வந்தது. ஆனால் தனியாக வரவில்லை. பலகையின் மரத்தூளையும் ஒரு பத்தை பிய்த்துக்கொண்டு வந்தது.

பசை விட்டிருந்தால் பட்டை மழமழவென்று கழன்றிருக்கும். இங்கே பலகைதான் விட்டதே தவிர பசை விடவில்லை.

அப்படியானால் அங்கே மட்டும் என்ன கேடு? கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"வாங்க மாமா, நோயாளி உள்ளதான் படுத்திருக்கு" என்று மருமகன் கதவைத் திறந்தான்.

மாஸ்டர் செருப்பைக் கழற்றியதும் நேரே சமையலறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். காய் நறுக்கிக்கொண்டிருந்த மகள் "வாங்கப்பா" என்றாள். திரும்பவில்லை.

தொட்டிக்குக் கீழே கையை விட்டுக் குழாயைத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகலில்லை. கதவை ஆட்டினார். கீல் நேராக இருந்தது. முந்தின ரெண்டு தடவையும் புதுப் பட்டையை ஒட்டிவிட்டுப் போனவர், இந்தத் தடவை பேர்ந்த பட்டையைக் கேட்டார். எங்கே வைத்தோம் என்று தெரியாதவள் போல மகள் அங்கும் இங்கும் தேட, மருமகன் ஃப்ரிட்ஜ் மேலேயிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, முன்னறையில் அடித்த போனை எடுக்கப் போனான்.

மாஸ்டர் பட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

பின்பக்கம் பூரா மரத்தூள் அப்பிக்கொண்டிருந்தது. கதவின் மூலையில், கத்தி முனையை விட்டு நெம்பிய பள்ளம்.

பசை விடவில்லை. யாரோ பிய்த்திருக்கிறார்கள்.

அவருக்கு அப்படியே எழுந்து மருமகனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டவேண்டும் போலிருந்தது. எத்தனை பேர் முன்னால் சிரித்தான். வாயைத் திறந்தவர், மேலே பார்த்தார்.

நறுக்குகிற சத்தம் நின்றுபோயிருந்தது. மகள் கையிலிருந்த கத்தியின் முனை லேசாக வளைந்திருந்தது.

"ஏம்மா?" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவள் காய் நறுக்கும் பலகையைப் பார்த்தபடியே சொன்னாள். "அம்மா போனப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டேன். சும்மா வந்து என்ன பண்றது, வேலை ஏதாவது இருந்தா சொல்லுன்னீங்க."

கத்தியின் வளைந்த முனையைத் தடவிக்கொண்டே, "அதான் வேலை வச்சேன்" என்றாள்.

ஒவ்வொரு தடவையும் பட்டையை ஒட்டி முடித்ததும் அவள் தட்டு வைத்ததும், போதும் போதும் என்றாலும் கேட்காமல் பரிமாறியதும், அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருந்ததும் இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"என்ன மாமா, திருடன் அகப்பட்டானா?" மருமகன் சமையலறை வாசற்படியில் வந்து நின்றான்.

கத்தி கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. அவள் சொல்லிவிடத்தான் திரும்பினாள்.

மாஸ்டர் முந்திக்கொண்டார். "அகப்பட்டான் மாப்ளே. நான்தான். பசை பதமாகிறதுக்குள்ள அவசரப்பட்டு ஒட்டிட்டேன்." பேசிக்கொண்டே பட்டையின் பின்பக்கத்தைச் சுரண்டி வழித்தார். மரத்தூள் அவர் மடியில் உதிர்ந்தது.

மருமகன் வீடு அதிரச் சிரித்தான். நாளைக்கு ஆபீஸில் இதுதான் பேச்சு என்றான்.

"தாராளமா சொல்லுங்க" என்றார் மாஸ்டர்.

கதவின் ஓரத்தைத் தேய்த்துச் சமமாக்கினார். பள்ளத்தை அடைத்தார். பசையைப் பூசி, பதம் பார்த்து, பட்டையை வைத்துக் கட்டையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். இனி யானையைக் கட்டி இழுத்தாலும் அது வராது என்று அவர் கைக்குத் தெரிந்தது.

"இந்தத் தடவையாவது நிக்குமா மாமா?"

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"சந்தேகம்தான் மாப்ளே. எதுக்கும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நானே வந்து பார்த்துட்டுப் போறேன்."