இப்ப நீதான் டீச்சர்

டியூஷன் டீச்சருக்கு ஒரு பழக்கம். கணக்கோ இங்கிலீஷ் இலக்கணமோ, நடத்தி முடித்ததும் சாக்பீஸைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவாள்.

"இப்ப நீதான் டீச்சர். நான் மக்கு. எனக்குப் புரிய வை."

நாலாம் வகுப்புச் சிறுமி இதில் புலி. "ஐயோ மக்கு! கீழ ஒரே எண் இருந்தாத்தானே பின்னத்தைக் கூட்டலாம்?" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

பெரிய பள்ளியின் நுழைவுத் தேர்வு நெருங்கியது.

"இடம் கிடைச்சிருமா டீச்சர்?"

"உனக்குக் கிடைக்காம வேற யாருக்குடி?"

சிறுமி கரும்பலகையைத் துடைத்தாள்.

மறுநாள் சிறுமி கையில் சாக்பீஸோடு நிற்கும்போதே அவளுடைய அம்மா முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"எல்லாம் உங்க புண்ணியம் டீச்சர். வீட்டுல அப்படியே உங்களை மாதிரியே விளக்குறா. இனிமே டியூஷன் வேண்டாம்."

"பரீட்சை வருதேம்மா!"

"அதுக்குத்தான். ராத்திரி பகலா இவதான் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கணும். எங்க வசதிக்கு ரெட்டைப் பிள்ளைல ஒண்ணைத்தானே அங்க படிக்க வைக்க முடியும்? அவன் ஒரு இடத்துல உக்கார மாட்டான். அதான் இவளை இங்க அனுப்பினேன்."



சிறுமி சாக்பீஸை டீச்சரின் உள்ளங்கையில் திருப்பி வைத்தாள்.

"உங்களை மாதிரி இல்ல டீச்சர். அவன் நிஜமாவே மக்கு."