குழாய்க்குள் நிற்கும் காற்று

"உள்ள நிக்கிற காத்தை மறந்துட்ட."

அவன் திரும்பிப் பார்த்தான். மனைவி, பலகையில் அவன் எழுதியிருந்த கணக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுச் சாவி வாங்கத்தான் ஆய்வகத்துக்கு வந்திருந்தாள். காலையில் இரண்டு சாவிகளையும் அவனே எடுத்து வந்துவிட்டான். கீழே ஆட்டோ காத்திருந்தது.

"மறக்கலயே. விசிறி ஓடுது பாரு."

"அது வெளிக்காத்து. நான் குழாய்க்குள்ள இருக்கிறதைச் சொல்றேன்."

மேசைமேல் ஒல்லியான கண்ணாடிக் குழாய். அடியில் கொஞ்சம் அசிட்டோன் திரவம். ஆவி குழாய் வழியே மெல்ல ஏறும். வாய்க்கு வந்ததும் விசிறிக் காற்று அதைக் கொண்டுபோகும். அசிட்டோனின் மட்டம் தலைமுடி அளவு இறங்கும்.

எவ்வளவு வேகமாக இறங்கும் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

அவன் சொன்னதைவிட வேகமாக இறங்கியது.

ஒவ்வொரு முறையும்.

குழாயை மாற்றினான். வெப்பமானியைத் திட்டினான். அசிட்டோன் விற்ற கடைக்காரரைக்கூடச் சந்தேகப்பட்டான். மழைக்காலத்தில் தொடங்கியது, இப்போது மாம்பழம் வந்துவிட்டது.

"ஆவி மேல போற அளவுக்குக் காத்து கீழ வரும்னு வச்சுக் கணக்குப் போட்டிருக்க. கீழ வந்து எங்கடா போகும்? அசிட்டோனுக்குள்ள குடித்தனம் பண்ணுமா?"

அவன் சிரித்துவிட்டான்.

அவள் சிரிக்கவில்லை.

"அது எங்கயும் போகாது. அங்கயே நிக்கும்."

"நின்னா ஆவிக்குத் தடைதானே? இன்னும் மெதுவால்ல போகணும்?"

"காத்து கீழ நழுவத்தான் பாக்கும். அதை நழுவ விடாம ஒரு ஓட்டம் மேல போய்ட்டே இருக்கு. அதுல ஆவியும் சேர்ந்து ஏறிடுது." பேனாவை எடுத்தாள். "அது நிக்கிறதாலதான் இது வேகமாப் போகுது."

பலகையில் ஒரு வரி எழுதினாள். தோளில் பை தொங்கியபடியே.

அவன் எண்களைப் போட்டுப் பார்த்தான்.

சரியாக வந்தது.

இருவரும் ஒன்றாகத்தான் இங்கே ஆய்வுக்குச் சேர்ந்தார்கள். அப்போதெல்லாம் யார் கணக்கில் தப்பு இருக்கிறதோ, டீ அவர் செலவு. பெரும்பாலும் அவன்தான் வாங்கிக் கொடுத்தான். பாப்பா பிறந்ததும், கொஞ்ச நாள் நீ வீட்டில் இரு என்றான். கொஞ்ச நாள்தானே என்று அவளும் இருந்தாள்.

பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

பேனாவை மூடி வைத்துவிட்டு அவள் ஜன்னலோரம் பார்த்தாள். அங்கே அவளுடைய ஸ்டூல் இருந்தது. அதன்மேல் இரண்டு அசிட்டோன் டின்கள். வேறு இடம் இல்லை என்று அவன்தான் வைத்திருந்தான்.

நேற்று அவள் ஒன்று கேட்டிருந்தாள்.

ஆய்வகத்தை நடத்தும் சார் ஓர் இடம் காலியாக வைத்திருக்கிறாராம். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நான் மறுபடி சேரட்டுமா? சாயந்திரம் பாப்பாவை நீ பார்த்துக்கொள்வாயா?

"பாக்கலாம்" என்றிருந்தான்.

தலை நிமிராமல். இதே கணக்கைப் போட்டுக்கொண்டு.

"சாருக்கு..." என்று தொடங்கினான்.

"அவர் ரூமுக்குப் போய்ட்டுதான் வர்றேன். வேற ஆளைப் போட்டுக்கச் சொல்லிட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலை.

கையை நீட்டினாள்.

சாவியைக் கொடுத்தான். அவள் விரல்கள் மூடிக்கொண்டன.

கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

அவன் ஜன்னலோரம் போனான். ஒரு டின்னை எடுத்துத் தரையில் வைத்தான். பிறகு இன்னொன்றை. கைக்குட்டையால் ஸ்டூலைத் துடைத்தான். தூசி போயிற்று. துருப்பிடித்த இரண்டு வட்டங்கள் போகவில்லை. மறுபடியும் துடைத்தான்.

அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"வாசுகி."

அவள் குனிந்தபடியே இருந்தாள். செருப்பின் வார் சரியாக விழவில்லைபோல.

"நேத்து கேட்டியே... அதை இன்னொரு தடவை கேளேன்."